பழைய பெல்ட் கைக்கு வரட்டும்

லொறி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விசுவமடுப் பக்கமிருந்து, பன்றிக்குட்டியைப் பின்னங்காலில் பிடித்துத் தூக்கியதுபோல ஒரு கீச்சல் தெருவோடு நீண்டு வந்தது. தர்மபுரத்தில் தன் கராஜ் கொட்டிலுக்குள் இருந்து தண்ணீர்ப் பம்ப் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்த விமலேஸ்வரியின் கை நிற்கவில்லை. காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது.

பெல்ட் சறுக்குகிறது. பழைய ஆறு சில்லு லொறி. நல்ல பாரம். இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு கணம் தயங்கிப் பிறகு விழுகிற கியர். அப்படித் தயங்கும் லொறி அந்தத் தெருவில் ஒன்றுதான் ஓடியது.

"அக்கா," என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்தாள். "அவர் வாறார்."

"எவர்?" என்றாள் தமக்கை நாகேஸ்வரி.

"ஆனையிறவிலை கொதிச்சவர்."

குசினியில் அகப்பைச் சத்தம் நின்றது. நாகேஸ்வரி ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். "இஞ்ச வரமாட்டான். எந்த முகத்தோடை வருவான்?"

"ஞாயிற்றுக்கிழமை. கிளிநொச்சியிலை பார்ட்ஸ் கடையெல்லாம் பூட்டு. அந்தச் சத்தத்தோடை பரந்தன் வரைக்கும் போகேலாது. வருவார்."

ஒரு வருடமாக அவள் இதற்காகத்தான் காத்திருந்தாள். கொட்டிலின் உட்சுவரில், எலி எட்டாத உயரத்தில், ஓர் ஆணியில் கறுப்புப் பொலித்தீன் பையொன்று தொங்கியது. அதற்குள் ஒரு புதுப் பெல்ட் இருந்தது. அந்த மாதிரிப் பழைய லொறிகளுக்கே பொருந்துகிற அளவு. போன வருடம் வாங்கும்போது வழக்கம்போல் இரண்டாக வாங்கினாள். ஒன்றைப் பூட்டினாள். மற்றது அந்த ஆணியிலேயே இருந்தது. எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்கவில்லை.

விமலேஸ்வரிக்கு நாற்பத்தாறு வயது. யாரும் அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கவில்லை. தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிக் காடு வெட்டிய காணியில் ஒரு தண்ணீர்ப் பம்ப் இருந்தது. டீசலும் பெற்றோலும் வன்னிக்கு வராத காலத்தில் அந்தப் பம்ப் மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெயில் ஓடும் இஞ்சின் வாரத்துக்கு ஒருமுறை அடைக்கும். தகப்பன் திட்டுவார். அவள் கழற்றுவாள். பதினாறு வயதில், கழற்றிய ஒழுங்கிலேயே சாமான்களைப் பழைய சேலையொன்றில் வரிசையாக அடுக்கி, திரும்ப அந்த வரிசையைப் பின்னாலிருந்து பூட்டினால் இஞ்சின் ஓடும் என்று கண்டுபிடித்தாள். இப்போதும் அப்படித்தான் செய்கிறாள். பிறகு இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் பம்பின் இரும்பு உடல் மட்டும் கிடந்தது. அதைக் கிளறி எடுத்து ஓடவைத்ததைப் பார்த்தவர்கள் தங்கள் பம்புகளைக் கொண்டு வந்தார்கள். பிறகு இரண்டு சில்லு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்கள் வந்தன. பிறகு லொறிகள்.

அந்தப் பொருளாதாரத் தடைக் காலத்திலிருந்து அவளிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. அப்போது உதிரிப்பாகம் கொடுக்கும் இடத்தில், பழையதைக் கையில் கொடுத்தால்தான் புதியது தருவார்கள். எங்கே தேய்ந்தது, எப்படி உடைந்தது என்று பார்க்காமல் ஒரு ஆணிகூடக் கிடைக்காது. தடை போய்ப் பதினைந்து வருடங்களுக்கு மேலாகியும் விமலேஸ்வரியின் கொட்டிலில் அந்தச் சட்டம் மாறவில்லை. பழையது அவள் கைக்கு வராமல் புதியது ஏறாது. இதை அந்தத் தெருவில் எல்லோரும் அறிவார்கள்.

இன்னொரு பழக்கம் கியூடெக்ஸ், நகத்துக்குப் பூசுகிற சாயம். ஒரு நட்டை இறுக்கி முடித்ததும், நட்டுக்கும் அதன் கீழ் இரும்புக்கும் குறுக்கே சிவப்புக் கியூடெக்ஸால் ஒரு கோடு இழுப்பாள். நட்டு தானாகக் கழன்றாலும், யாராவது கழற்றினாலும் கோடு முறியும். புது பெல்ட் பூட்டினால் அதன் முதுகில் தன் பெயரின் முதலெழுத்தையும் வண்டி நம்பரின் கடைசி இரண்டு எண்களையும் எழுதுவாள். பெல்ட்டின் முதுகு எதிலும் உரசாது. எழுத்து அழியாது.

போன வருட மாசியில் விசுவமடுப் பரமலிங்கத்தின் அந்த லொறிக்கு அப்படித்தான் பெல்ட் பூட்டி, 'வி 41' என்று எழுதி அனுப்பினாள். ஒன்பதாம் நாள் அந்த லொறி நெல்லோடு யாழ்ப்பாணம் போகும் வழியில், கடல்நீரேரியைக் கடக்கும் ஆனையிறவுப் பாதையின் நடுவில், கொதித்து இஞ்சின் வெடித்து நின்றது. மறுநாள் பரந்தன் மில் வளவில், தராசுக்கு வரிசையில் நின்றவர்கள் மத்தியில், பரமலிங்கம் கதை சொன்னார்.

"பெல்ட் மாத்தினது ஆரெண்டு நினைக்கிறியள்? எங்கடை மெக்கானிக் அம்மா. கியூடெக்ஸ் பூசுற அவதியிலை பெல்ட்டை இறுக்க மறந்துபோனா."

பத்துப் பேர் சிரித்தார்கள். அடுத்த கிழமை அவளுடைய கொட்டிலுக்குக் 'கியூடெக்ஸ் கராஜ்' என்று பெயர் வந்துவிட்டது. விவசாயிகள் சங்கம் தன்னுடைய மூன்று உழவு இயந்திரங்களையும் அவளிடம் பராமரிப்புக்குத் தருவதாக இருந்தது. அது கிளிநொச்சிக்குப் போனது. லொறிகள் வாசலைத் தாண்டிப் போயின. சில தாண்டும்போது ஹோர்ன் அடித்தன.

அவள் பரமலிங்கத்தின் வீட்டுக்குப் போய்க் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நான் பூட்டின பெல்ட் எங்கை?"

"அறுந்து கடலுக்கை போட்டுது, பிள்ளை," என்றார் அவர். "வேணுமெண்டால் ஆனையிறவிலை போய்த் தூண்டில் போட்டுப் பார்."

அன்றிலிருந்து அவள் அவரை அண்ணை என்று அழைப்பதை விட்டாள். சொன்னவர் ஒருவர், சிரித்தவர்கள் பத்துப் பேர். பதினொரு பெயரும் அவளுக்குப் பாடம். நாகேஸ்வரி சில நேரம் கேட்பாள், "பெயரெல்லாம் கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறியோ?" என்று. "எழுதினால் மறந்துபோம்," என்பாள் விமலேஸ்வரி.

லொறி கொட்டிலுக்கு முன்னால் வந்து நின்றது. இஞ்சின் நிற்கும்வரை கீச்சலும் நிற்கவில்லை. நெல் மூடைகள் பெட்டிக்கு மேலே இரண்டு அடுக்கு எழும்பியிருந்தன. சாரதி இறங்கினான். நாற்பது வயதுக்காரன், ஓமந்தையைச் சேர்ந்தவன், பெயர் கோகுலன். புரட்டாதியில்தான் வேலைக்குச் சேர்ந்தவன்.

"அக்கா, லொறி கத்துது."

"கேட்டது."

"சூட்டு முள்ளும் ஏறுது. பற்றறி லைற் அணையுதில்லை."

"எப்ப துவங்கினது?"

"வெள்ளிக்கிழமை. கிளிநொச்சியிலை போட்ட பெல்ட் வியாழன் நார் நாராய்ப் போட்டுது. ஐயா வீட்டிலை கிடந்த ஒண்டை எடுத்துப் பூட்டினவர்."

ஐயா மற்றப் பக்கக் கதவைத் திறந்து மெதுவாக இறங்கினார். பரமலிங்கத்துக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. வெள்ளைச் சேட்டின் கையை முழங்கை வரை மடித்திருந்தார். மேற்கே இருட்டிக்கொண்டு வருவதை ஒருமுறை பார்த்தார்.

"என்ன பிள்ளை, சுகமாய் இருக்கிறியோ?"

"கதிரை அங்கை கிடக்கு. இருங்கோ," என்றாள் விமலேஸ்வரி.

"இருக்க நேரமில்லை. மழை வருது. மில்லிலை நாலு மணிக்குத் தராசை நிப்பாட்டிப் போடுவினம். கத்துறதை நிப்பாட்டி விட்டால் காணும்."

அவள் சாரதியிடம், "இஞ்சினை ஸ்ராட் பண்ணுங்கோ. மூடியைத் திறந்து விடுங்கோ," என்றாள்.

பழைய லொறிகளில் இஞ்சினின் முகப்பில் ஒரே ஒரு பெல்ட்தான். இஞ்சினின் அடிக் கப்பி அதைச் சுற்றும். அது போய்த் தண்ணீர்ப் பம்பையும் காற்றாடியையும், பற்றறிக்கு மின் கொடுக்கும் டைனமோவையும் சுற்றும். பெல்ட் சறுக்கினால் தண்ணீர் ஓடாது, காற்று வராது, மின் ஏறாது. கத்துவது அதற்குப் பிறகுதான். பெரும்பாலானவர்கள் கத்தலை நிறுத்தப் பார்ப்பார்கள். விமலேஸ்வரி கத்த விட்டுக் கேட்பாள்.

இஞ்சின் ஓடியது. சிறிது கத்தி அடங்கியது. "பெரிய லைற்றைப் போடுங்கோ," என்றாள். லைற் எரிந்ததும் டைனமோவுக்குப் பாரம் ஏறியது. கீச்சல் மறுபடி கிளம்பியது. சிரட்டையில் தண்ணீர் எடுத்துப் பெல்ட்டின் உட்பக்கத்தில் சிறிது தெளித்தாள். கப்பிகள் கோணலாக இருப்பதால் வரும் சத்தமென்றால் தண்ணீர் பட்டதும் ஒடுங்கும். இது ஒடுங்கவில்லை. இன்னும் உரத்துக் கத்தியது. பிடி இல்லாமல் சறுக்குகிறது.

"நிப்பாட்டுங்கோ."

பெருவிரலால் பெல்ட்டின் நடுவை அமத்தினாள். அரை அங்குலம் இறங்க வேண்டும். இறங்கவே இல்லை. வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டியிருந்தது. இவ்வளவு இறுக்கியும் சறுக்குகிறது என்றால், குற்றம் இறுக்கத்தில் இல்லை. விரலை முகர்ந்தாள். சவர்க்கார வாசம்.

"சோப் ஆர் தேய்ச்சது?"

கோகுலன் பரமலிங்கத்தைப் பார்த்தான். பரமலிங்கம் மேகத்தைப் பார்த்தார்.

பதினாலாம் நம்பர் நட்டுச் சாவியால் டைனமோவைத் தளர்த்திப் பெல்ட்டைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தாள். பெல்ட் என்பது ஆப்பு மாதிரி. கப்பியின் பள்ளத்துக்குள் இறங்கி, இரண்டு பக்கச் சுவர்களையும் தன் இரண்டு விலாவாலும் நெரித்துப் பிடிக்க வேண்டும். அடியைத் தொடக் கூடாது. இந்தப் பெல்ட்டின் விலா இரண்டும் கரடு முரடாக இருந்தன. அடிதான் கண்ணாடிபோல் மினுங்கியது. கப்பிக்குள் ரோச் லைற்றைப் பிடித்துப் பார்த்தாள். பள்ளத்தின் அடி புதிதாய்த் தேய்த்த குத்துவிளக்குமாதிரிப் பளபளத்தது. ஒல்லிப் பெல்ட். பள்ளத்தின் அடியில் போய்க் குந்தியிருந்து சறுக்கியிருக்கிறது. நீளம் மட்டும் சரி.

அடிப்பக்க வெடிப்புகளுக்குள் மண்ணிறமாக ஏதோ அடைந்திருந்தது. நகத்தால் கிளறி உள்ளங்கையில் போட்டாள். நெல்லின் சுணை. லொறிப் பெல்ட்டுக்குள் சுணை வர வழியில்லை. மூடை கட்டிய பிறகுதான் நெல் லொறிக்கு வருகிறது. சுணை பறப்பது கதிரை அடித்து நெல்லைப் பிரிக்கிற, சூடடிக்கும் இடத்தில்.

விமலேஸ்வரி அந்த உள்ளங்கையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பரமலிங்கத்திடம் சூடடிக்கும் மெசின் ஒன்று இருந்தது. வயலுக்குள்ளேயே வெட்டி அடிக்கிற பெரிய மெசின்கள் வந்த பிறகும், அவை புதைகிற சேற்று வயல்களுக்கு அவருடைய மெசின்தான் போகும். இந்தப் பெல்ட் அந்த மெசினுடையது. அப்படியானால் அந்த மெசினில் இப்போது என்ன பெல்ட் ஓடுகிறது?

அவள் கேள்வியைச் சாரதியிடம்தான் கேட்டாள். பரமலிங்கம் போனில் யாரையோ கூப்பிட்டு மில்லில் இடம் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சூடடிக்கிற மெசினையும் நீங்கள்தானோ பாக்கிறனீங்கள்?"

"ஓமக்கா. நேற்றும் அடிச்சனாங்கள்."

"அதின்ரை பெல்ட் எப்பிடி?"

"அது கொஞ்சம் தடிப்பு. கப்பிக்கு மேலை எழும்பி நிக்கும். ஆனால் ஓடுது." கோகுலன் சிரித்தான். "அதின்ரை முதுகிலை ஆரோ கியூடெக்ஸாலை கீறி வைச்சிருக்கினம். சின்னப் பிள்ளையள் விளையாடினதாக்கும் எண்டு நினைச்சன்."

"என்ன கீறியிருக்கு?"

"ஏதோ 'வி' மாதிரி. பிறகு நாப்பத்தொண்டு. கேட்டதுக்கு ஐயா சொன்னார், போன வருசம் சூடடிக்கேக்கை மெசின் பெல்ட் தேஞ்சு சுத்தேல்லையாம், மழை வந்திட்டுதாம், லொறியிலை இருந்ததைக் கழட்டிப் போட்டதாம். மெசின்ரை பழசை லொறிக்குப் போட்டதாம். ஏனக்கா?"

"ஒண்டுமில்லை," என்றாள் விமலேஸ்வரி.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் ஒரு வருடம் பழையது, ஆறிப்போய் இரும்பாக இருந்தது. வந்தது ஒரு நிதானம். கையைத் துணியில் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, பரமலிங்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

"பெல்ட் மாத்த வேணும்."

"இருக்கோ உன்னட்டை?"

"இருக்கு. சரியான அளவு. புதுசு."

"அப்ப போடு. என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

"பழசு வரட்டும்."

அவர் லொறியின் பம்பரில் கிடந்த ஒல்லிப் பெல்ட்டைக் காட்டினார். "அதுதானே பழசு."

"அது லொறியின்ரை இல்லை. மெசின்ரை. இந்த லொறிக்கு நான் பூட்டினது 'வி 41'. அது என்ரை கைக்கு வந்தால்தான் மற்றது ஆணியாலை இறங்கும்."

பரமலிங்கம் போனைச் சேட்டுப் பையில் போட்டார். "அது கடலுக்கை…"

"தூண்டில் போட்டுப் பாத்தனான்," என்றாள் அவள். "விசுவமடுவிலை அம்பிட்டுது."

கோகுலன் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டோம் என்று உணர்ந்து லொறியின் மறுபக்கம் போனான்.

"இஞ்ச பார், பிள்ளை," என்றார் பரமலிங்கம். குரல் இறங்கியிருந்தது. "அண்டைக்கு மழை இருட்டிக்கொண்டு நிண்டது. அரைவாசிச் சூடு அடிக்காமல் கிடக்குது. நான் என்ன செய்ய? நீளம் அளந்துதான் போட்டனான். நீளம் சரியாய்த்தான் இருந்தது."

"அகலம் அளந்தனீங்களோ?"

பரமலிங்கம் கையை வீசி அந்தக் கேள்வியை ஒதுக்கினார்.

"சரி. உதெல்லாம் பிறகு கதைப்பம்," என்றார். "இப்ப இந்தப் பெல்ட்டையே திரும்பப் போட்டு, கொஞ்சம் சோப் தேய்ச்சு விடு. மில் வரைக்கும் போனால் காணும்."

விமலேஸ்வரி சுவர்த் தட்டைப் பார்த்தாள். கை கழுவும் சவர்க்காரம் அங்கேதான் இருந்தது. இந்த ஒரு வருடத்தில் எத்தனையோ இரவு அவள் இதை யோசித்திருக்கிறாள். சவர்க்காரம் தேய்த்தால் சத்தம் நிற்கும். அவர் சந்தோசமாகப் போவார். ஐந்தாறு மைல் தாண்டியதும் பெல்ட் மெழுகிப்போய்ச் சுற்றாமல் நிற்கும். சத்தமில்லாமல் கொதிக்கும். முள்ளைப் பார்த்து நிறுத்துவதற்குள் புதிதாய்ப் போட்ட இஞ்சின் தலையும் வெடிக்கும். அதுவும் அவர் வாயால் கேட்டே. ஆனால் வெடிக்கும் இஞ்சினுக்குள் இருந்து வெளியே வருவது யாருடைய பெயர்? மறுபடியும் அவளுடையது. அந்தச் சவர்க்காரம் கழுவப்போவது பரமலிங்கத்தின் பழியைத்தான்.

"சோப் தேய்ச்ச வேலைக்கு நான் பெயர் வைக்கிறேல்லை," என்றாள். "பழசு வராட்டில் லொறி நிக்கட்டும். படங்கு இருந்தால் இழுத்து மூடுங்கோ. இன்னும் ஒரு மணித்தியாலத்திலை மழை வரும்."

அவர் சிறிது தூரம் நடந்து போய் வீட்டுக்குப் போன் எடுத்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் மறுமுனையில் மனைவி சிவனேஸ்வரி தாழ்த்தவில்லை. "எந்தப் பெல்ட்? கடலுக்கை போனதோ?" என்று கேட்டது கொட்டில் வரை வந்தது.

முக்கால் மணித்தியாலத்தில் சிவனேஸ்வரி தானே ஸ்கூட்டியில் வந்தாள். பெல்ட்டை ஹாண்டிலில் மாலைபோலத் தொங்கவிட்டிருந்தாள். கணவனைப் பார்க்கவில்லை. நேரே விமலேஸ்வரியிடம் கொடுத்தாள்.

"இந்தாரும். விலா தேஞ்சுபோச்சு. எழுத்து அப்பிடியே இருக்கு."

"ஓமக்கா."

"எனக்குத் தெரியாது, விமலா. தெரிஞ்சிருந்தால் போன வருசமே கொண்டு வந்து தந்திருப்பன்." அவள் ஸ்கூட்டியைத் திருப்பினாள். பிறகு கணவன் பக்கம் முகத்தைக் காட்டாமலே சொன்னாள், "இரவைக்கு வாருங்கோ. கதைக்கக் கிடக்கு."

குசினி வாசலில் நின்ற நாகேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

விமலேஸ்வரி ஆணியிலிருந்து பையை இறக்கினாள். ஆனால் உடனே பூட்டவில்லை. கிளிநொச்சிப் பெல்ட் ஒரு வருடத்தில் ஏன் நாராகியது என்று அறிய வேண்டும். அடிக் கப்பியிலிருந்து டைனமோக் கப்பிக்கு ஒரு தையல் நூலை இழுத்துப் பிடித்தாள். நூல் டைனமோவில் ஒரு நெருப்புக்குச்சி அளவுக்கு விலகி நின்றது. போன வருடம் வெடித்த இஞ்சினைக் கிளிநொச்சியில் கழற்றித் திருத்தியபோது ஒரு வாஷரைத் தொலைத்துவிட்டார்கள். தகர டப்பாவில் தேடி அதே தடிப்பில் ஒன்று எடுத்துப் போட்டாள். நூல் நேராக நின்றது. காற்றாடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள். பிறகு கையால் சுழற்றிவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைத் தண்ணீர்ப் பம்பில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டாள். உள்ளே லேசாக மணல் அரைபட்டது. மூன்று நாள் மிதமிஞ்சி இறுக்கியதன் பலன்.

"பம்புக்கை பெயாரிங் துவங்கிட்டுது," என்று கோகுலனிடம் சொன்னாள். "சிறுபோகத்துக்கு முதல் மாத்த வேணும். நான் சொன்னதெண்டு ஞாபகம் வைச்சிருங்கோ."

கப்பிகளில் இருந்த சவர்க்காரத்தைப் பெற்றோல் நனைத்த துணியால் துடைத்தாள். மூன்று கப்பிகளையும் துடைத்தாள். கறுப்பு வராத வரைக்கும் துடைத்தாள். பரமலிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தார். அவள் நாலாவது துணி எடுத்தாள்.

"இவ்வளவு துடைக்க வேணுமோ?"

"வாங்கோ," என்றாள். "இந்த மண்வெட்டிப் பிடியைப் பிடியுங்கோ. டைனமோவை நெம்பிக்கொண்டு நில்லுங்கோ."

"கோகுலன் பிடிப்பானே."

"அவர் மற்றப் பக்கம் லைற் பிடிக்க வேணும்."

வெள்ளைச் சேட்டோடு பரமலிங்கம் இஞ்சினுக்குள் குனிந்தார். அவள் பெல்ட்டைக் கப்பிகளில் இட்டாள். விளிம்புக்கு மேலால் நெம்பி ஏற்றவில்லை. தளர்த்திய டைனமோவை உள்ளே தள்ளி இலகுவாக ஏற்றினாள். "இழுங்கோ," என்றாள். அவர் இழுத்தார். "கூடிப்போச்சு. விடுங்கோ." விட்டார். "திரும்ப இழுங்கோ. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அப்பிடியே நில்லுங்கோ." பெருவிரலால் அமத்திப் பார்த்தாள். அரை அங்குலம். அவள் நட்டை இறுக்கும் வரை அவர் அப்படியே நின்றார். அவசரமாக அவள் இறுக்கவில்லை. தெருவால் போன பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சேட்டின் வயிற்றில் கிரீஸ் பட்டது.

இஞ்சினை ஓடவிட்டார்கள். பெரிய லைற்றைப் போட்டார்கள். பற்றறி லைற் அணைந்தது. தகரக் கூரையில் விழுந்த முதல் மழைத்துளிகளின் சத்தம் கேட்டது. வேறு சத்தமில்லை.

"முடிஞ்சுதோ?" என்றார் பரமலிங்கம்.

"இல்லை. புதுப் பெல்ட் முதல் ஓட்டத்திலை இளகும். சுமையோடை பத்துப் பன்ரெண்டு மைல் ஓடினாப் பிறகு ஒருக்கா இறுக்க வேணும். அதுக்குப் பிறகுதான் கோடு போடுறது. நானும் மில்லுக்கு வாறன்."

பழைய பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஜன்னலோரம் ஏறினாள். சாரதிக்கும் அவளுக்கும் நடுவில் பரமலிங்கம் ஒடுங்கி இருந்தார். பரந்தன் வரை மூவரும் பேசவில்லை. கோகுலன் மட்டும் ஒருமுறை, "என்ன அமைதி," என்றான். அது இஞ்சினைப் பற்றித்தான்.

மில் வளவில் மழைக்குத் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கியபடி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். முல்லைத்தீவு வியாபாரி கச்சு முகம்மது நின்றார். விமலேஸ்வரி இறங்கியதும் ஒருவர் மற்றவரை இடித்தார். "கியூடெக்ஸ் கராஜ் நேரிலையே வந்திட்டுது," என்று ஒரு குரல் வந்தது.

அவள் இஞ்சின் மூடியைத் திறந்தாள். பதினாலாம் சாவியை நட்டில் மாட்டினாள். இறுக்கவில்லை. தளர்த்தினாள்.

பரமலிங்கம் பதறிப்போனார். "என்ன செய்யிறாய்?"

"இறுக்கிறதுக்கு முதல் தளர்த்தத்தான் வேணும்." சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பழைய பெல்ட்டை அவரிடம் நீட்டினாள். "போன மாசி இந்த இடத்திலை நிண்டு ஒரு கதை சொன்னனீங்கள். அதின்ரை மிச்சம் இருக்கு. சொல்லுங்கோ. நான் பிறகு இறுக்கிறன்."

"பிள்ளை, ஆக்கள் நிக்கினம்."

"அண்டைக்கும் நிண்டவை."

மழை தகரத்தில் அடித்தது. தராசுக்காரர் அடுத்த லொறி என்று கூப்பிட்டார். அது பரமலிங்கத்தின் லொறிதான். ஆனையிறவை மறக்காதவர் தளர்ந்த பெல்ட்டோடு அதை ஓர் அடி நகர்த்தத் துணியமாட்டார். அவர் பெல்ட்டை வாங்கினார். கையில் திருப்பினார். சிவப்பெழுத்து மேலே வந்தது.

"அந்தப் பெல்ட்… மெசினுக்குக் கழட்டிப் போட்டது," என்றார் நிலத்தைப் பார்த்து.

"மழைச் சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லை," என்றாள் விமலேஸ்வரி.

அவர் நிமிர்ந்தார். "இவ பூட்டின பெல்ட் அறுகேல்லை. நான் கழட்டிச் சூடடிக்கிற மெசினுக்குப் போட்டனான். லொறிக்கு மெசின்ரை பழசைப் போட்டனான். அதாலைதான் கொதிச்சது. இவவிலை பிழையில்லை."

யாரும் சிரிக்கவில்லை. அவள் எதிர்பார்த்ததைவிடச் சிறிய சத்தமாக அது முடிந்துபோனது. பெல்ட் கைக்குக் கை மாறியது. ஒருவர் எழுத்தைத் தடவிப் பார்த்தார். முன்னர் குரல் கொடுத்தவர் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விமலேஸ்வரி குனிந்து டைனமோவை நெம்பி, பெருவிரலால் அளந்து, நட்டை இறுக்கினாள். இடுப்பு முடிச்சிலிருந்து சின்னப் போத்தலை எடுத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நட்டுக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள். காயும் வரை ஊதினாள்.

"தங்கச்சி," என்றார் பரமலிங்கம் மெதுவாக. "இனிச் சரிதானே?"

"பெல்ட் சரி," என்றாள்.

லொறி தராசுக்குப் போனது. கச்சு முகம்மது பெல்ட்டைக் கொண்டு வந்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"தங்கச்சி, என்ரை வண்டியும் ரெண்டு நாளாய்க் காலமையிலை கத்துது. ஒருக்கா காதைக் குடுத்துப் பாருங்கோவன். அந்தா நிக்குது."

"நாநா, அண்டைக்கு நீங்களும் இந்த வரிசையிலை நிண்டனீங்கள்."

அவர் தாடியைத் தடவினார். "நிண்டனான்."

"சிரிச்சனீங்கள்."

"சிரிச்சனான்," என்றார். "பொய் சொல்லேல்லை."

"புதன்கிழமை வாங்கோ."

"இண்டைக்கு ஞாயிறு, தங்கச்சி. அதுவரைக்கும் கத்திக்கொண்டோ ஓட?"

"ஓம். எல்லாரும் கேக்கட்டும்."

மாலையில் வெறும் லொறி அவளைக் கொட்டிலடியில் இறக்கிவிட்டுப் போனது. அது விசுவமடு வளைவில் மறையும்வரை அவள் நின்று கேட்டாள். கியர் மூன்றுக்கு ஏறும்போது தயங்கியது. வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளே போய், தேய்ந்த பெல்ட்டை அந்த ஆணியிலேயே, எழுத்து வெளியே தெரியும்படி மாட்டினாள்.

நாகேஸ்வரி தேத்தண்ணியை நீட்டினாள். "எல்லாருக்கும் முன்னாலை உண்மையைச் சொன்னவனோ?"

"சொன்னவர்."

"அப்ப முடிஞ்சுது. இனியாவது நித்திரை கொள்."

"ஒண்டு முடிஞ்சுது. ரெண்டாவது புதன்கிழமை வருது."

"மிச்சம்?"

விமலேஸ்வரி தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தாள்.

"ஒன்பது," என்றாள்.